ஒட்டுக்கு மேலே அறுக்கவும்

கண் ஆஸ்பத்திரி
அக்டோபர் 9

சுண்டு,

இதை எழுதுவது நான்தான். உன் பெரியப்பாவேதான். பக்கத்துக் கட்டில்காரன் எழுதவில்லை, நர்ஸம்மா எழுதவில்லை. உன் அம்மாவிடம் காட்டு. நம்பமாட்டாள். எழுத்து ஏன் இப்படிக் கோணிக்கொண்டு போகிறது என்று கேட்பாள். கையைக் கேட்கச் சொல். ஆயுள் முழுக்க ரம்பமும் கவாத்துக் கத்தரியும் பிடித்த கை, பென்சிலைப் பிடித்தால் கிளை என்று நினைத்து நறுக்கப் பார்க்கிறது.

எல்லாரும் கடிதத்தில் முதலில் நலம் என்று போடுவார்களாம். எனக்குக் கண் நலம், இடுப்பு நலமில்லை. முதல் வரியிலேயே பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்கிறாயா? கண்ணில் கட்டு அவிழ்த்த அன்று டாக்டர் என்னைச் சுவருக்கு எதிரே உட்கார வைத்தார். சுவரில் ஒரு அட்டை. மேலே ஒரு எழுத்து பூசணிக்காய் அளவு. கீழே போகப் போக எறும்பு. “படிங்க பெரியவரே” என்றார். “எனக்குப் படிக்கத் தெரியாதே” என்றேன். தெரியாதவர்களுக்கென்று படம் போட்ட அட்டை ஒன்று இருந்ததாம், குண்டு விழுந்தபோது அந்த அறையோடு போய்விட்டதாம். டாக்டர் தலையைச் சொறிந்தார். நர்ஸம்மா, “அட, அந்த அட்டையில இருக்கிறதே கொஞ்சம் எழுத்துதான். சொல்லிக் குடுத்துட்டுப் பரிசோதனை பண்ணிடலாம்” என்றாள். அட்டையில் இருந்ததைக் கற்றேன். பிறகு அட்டையில் இல்லாததையும் கேட்டேன். “ஆசை அதிகமாயிடுச்சு பெரியவரே” என்று சிரிக்கிறாள். ஆமாம், ஆயிடுச்சு. மருந்துப் புட்டி, கதவு, சோப்பு உறை, எது கிடைத்தாலும் படிக்கிறேன். உலகத்தில் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள், யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே!

நான் ஊருக்கு வர முடியாது. ஆற்றுப் பாலம் உடைந்த செய்தி உனக்குத் தெரியும். படகுக்காரர் தபால் பையை மட்டும்தான் ஏற்றலாம், ஆளை ஏற்றினால் படகையே பிடுங்கிவிடுவார்கள். அதனால் இங்கேயே தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, கட்டுத் துணி கிழித்துச் சுருட்டிக் கொடுக்கிறேன். அதற்குச் சோறு.

பழம் பறித்து முடித்தாயா? அம்மாவுக்கு உதவியாக இரு. பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

பெரியப்பா

*

தோட்டம்
அக்டோபர் 21

பெரியப்பா,

அம்மா நம்பவில்லை. “எவனையோ பிடிச்சு எழுத வெச்சிருக்காரு” என்றாள். கையைக் கேட்கச் சொன்ன வரியைப் படித்ததும் சிரித்துவிட்டாள். “இது அவரேதான்” என்றாள். அம்மா சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

பெரிய எழுத்தாக எழுதுகிறேன். ஆனால் எழுத நல்லது எதுவும் இல்லை.

பாதிப் பழம் மரத்தடியில் கிடக்கிறது. பறிக்க வருகிறவர்கள் எல்லாரும் விமானச் சத்தத்துக்குப் பயந்து மலைப்பக்கம் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் பறித்ததைப் பெட்டியில் அடுக்கினோம். பெட்டியை ஏற்றிப் போக லாரி இல்லை. கிடங்கு முழுக்க ஆப்பிள் வாசனை, சாப்பிட ஆள் இல்லை.

அது போகட்டும். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற வண்டி வந்துவிட்டது. பதினேழு ஆனவர்களை எடுக்கிறார்கள். கிராம அலுவலகம் எரிந்தபோது பிறப்புப் பதிவேடும் எரிந்துபோனதால் கண்ணால் பார்த்து வயது போடுகிறார்கள். கொல்லர் மகனை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? நான் வேலி ஓரமாக நின்று கேட்டேன்.

“உனக்கு என்னடா வயசு?”

“பதினாறு சார்.”

“மீசை பதினெட்டுன்னு சொல்லுதே.”

அவ்வளவுதான். வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கொல்லர் உலைக்களத்தில் இருந்து ஓடி வந்தபோது வண்டி திருப்பத்தைத் தாண்டிவிட்டது. கையில் இடுக்கியோடு நடுரோட்டில் நின்றார்.

எனக்குப் பதினான்கு முடிந்து பதினைந்து நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? நீங்கள் போன பிறகு நான் மளமளவென்று வளர்ந்துவிட்டேன். அம்மாவைவிட ஒரு தலை உயரம். பெட்டி தூக்கித் தூக்கித் தோள் அகன்றுவிட்டது. குரல் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. சுண்டு என்று அம்மா கூப்பிட்டால் தபால்காரர் சுற்றும் முற்றும் பார்க்கிறார், சின்னப் பையன் யாராவது நிற்கிறானா என்று.

அம்மா என் பழைய அரைக்கால் சட்டையைத் தேடி எடுத்துத் தையல் பிரித்துப் போட்டுவிட்டிருக்கிறாள். “குனிஞ்சு நட. வாயைத் திறக்காதே. எவனாவது கேட்டா அழு” என்கிறாள். “அழுகை வரலேன்னா?” என்றேன். “கிள்ளுறேன், வரும்” என்றாள். சிரிப்பு வருகிறதா? எங்களுக்கும் முதல் நாள் வந்தது. இப்போது வரவில்லை. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் கிடங்கில் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அப்பாவை எடுத்துக்கொண்டு போனதும் அந்த வண்டிதான். அவர் செத்த செய்தி மட்டும்தான் திரும்பி வந்தது.

சின்னப் பையன்களைப் பிடிக்கிறார்கள் என்று மேலே யாரோ சத்தம் போட்டார்களாம், இனி வயதுக்கு அத்தாட்சி வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறதாம். எங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?

நீங்கள் அங்கே எழுத்துப் படித்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியாது. அவள் என்னைவிடப் பயப்படுகிறாள்.

சுண்டு

*

ஆஸ்பத்திரி
நவம்பர் 2

சுண்டுக் கண்ணா,

உன் கடிதத்தை நானே படித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. படித்து முடித்ததும் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

இங்கே ஒரு பையனைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. நான் சுருட்டிக் கொடுத்த துணிதான். யார் நடந்து போனாலும் “அம்மாவா?” என்று கேட்கிறான். மீசை அரும்புகூட இல்லை. அவன் பக்கம் போகும்போது நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.

ஆனால் நீ பயப்படாதே. அத்தாட்சி கேட்கிறார்களா? இருக்கிறது. எரியாத அத்தாட்சி, வேர் விட்டு நிற்கிற அத்தாட்சி!

உன் மரம் இருக்கிறதே. பம்பு அறைக்குப் பக்கத்து வரிசையில் முதல் மரம். நம் வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்தக் குளிர்காலத்திலேயே அதன் பெயரில் ஒரு ஒட்டுக் கட்டுவது வழக்கம். உன் அப்பன் உன்னைத் துணியில் சுற்றித் தூக்கி வந்து காட்டினான், நான் ஒட்டுக் கட்டினேன். நீ கத்திய கத்தலில் கத்தி வழுக்கி என் கட்டைவிரலைக் கீறிவிட்டது. மரத்துக்கு வருடம் ஒரு வளையம் என்று உலகத்துக்கே தெரியும். மரம் பொய் சொல்லாது. அறுத்து எண்ணினால் முடிந்தது. ஒரு மரம் போனால் போகட்டும்.

இது தோன்றியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உடனே உட்கார்ந்து, ஆள் எடுக்கிற அதிகாரிக்கே ஒரு மனு எழுதினேன். நானே எழுதினேன்! “மதிப்புக்குரிய ஐயா” என்று ஆரம்பித்தேன். அதை எப்படி எழுதுவது என்று மட்டும் நர்ஸம்மாவைக் கேட்டேன், மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு. என் தம்பி மகனின் மரம் இன்ன இடத்தில் இருக்கிறது, தரையோடு அறுத்து வளையத்தை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும் என்று தெளிவாக எழுதிவிட்டேன். போன படகிலேயே அனுப்பியாகிவிட்டது. ஒரு அதிகாரி உட்கார்ந்து என் எழுத்தைப் படிப்பார் என்று நினைத்தால் மார்பு விரிகிறது.

கிடங்கில் ஒளிய வேண்டாம். தைரியமாக இரு.

பெரியப்பா

*

தோட்டம்
நவம்பர் 13

பெரியப்பா,

என்ன காரியம் செய்தீர்கள்!

நேற்று அதிகாரியின் குமாஸ்தா உங்கள் மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். அம்மாவைப் பார்த்து, “என்னம்மா, எல்லாரும் பள்ளிக்கூடச் சான்றிதழ் காட்டுவாங்க, நீங்க கட்டை காட்டுறீங்களாமே” என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். “அய்யாவுக்கு மேலே காட்ட ஏதாவது வேணும். மலைப்பக்கம் போயிட்டுத் திரும்பி வரும்போது வருவாரு. பையன் எங்கேயும் போகக்கூடாது. போனா, வேணும்னே ஓடிட்டான்னு எழுதிடுவோம்.” அதுவரை எங்கள் வீட்டில் ஒரு பையன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. குமாஸ்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அரைக்கால் சட்டையில் நின்றேன். “இவன்தான் அந்தச் சின்னப் பையனா?” என்றார்.

அவர் போன பிறகு அந்த மரத்தடிக்குப் போனேன். குனிந்து பார்த்தேன். தரையோடு அறுக்கச் சொல்லியிருக்கிறீர்களே, ஒட்டு எங்கே இருக்கிறது? தரையில் இருந்து ஒரு சாண் மேலே. அதற்குக் கீழே இருப்பது வேர்ச்செடி. அது என்னோடு பிறந்ததா? விதை போட்டு, வளர்த்து, தண்டு விரல் கனம் ஆன பிறகுதானே அதன் தலையை வெட்டி ஒட்டுக் கட்டுவீர்கள்? நான் பிறக்கும்போதே அதற்கு வயது இரண்டோ மூன்றோ. தரையோடு அறுத்தால் அந்த வளையமும் சேர்ந்து வரும். பதினேழு வரும். பதினெட்டும் வரும். மரம் பொய் சொல்லாது என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள்.

இது தோட்டக்காரன் எவனுக்கும் தெரிந்த விஷயம். அதிகாரிக்கு எப்படித் தெரியும்? நான் போய், “இல்ல சார், இந்த வீக்கத்துக்கு மேலதான் நான், கீழே வேற மரம்” என்று சொன்னால் கன்னத்தில் ஒன்று விடுவார்.

மரத்தை நானே வெட்டி எரித்துவிடவா என்று அம்மாவைக் கேட்டேன். “எரிச்சா அத்தாட்சியை அழிச்சோம்னு பிடிப்பாங்க” என்கிறாள். ஓடிப்போகவும் முடியாது. என்ன செய்வது? உடனே எழுதுங்கள். உங்கள் பதில் வருவதற்குள் அவர் வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

*

ஆஸ்பத்திரி
நவம்பர் 19

சுண்டு,

எழுத வரவில்லை.

எப்படி மறந்தேன்? ஆயிரக்கணக்கில் ஒட்டுக் கட்டியவன். மனு எழுதும்போது எழுத்து சரியாக விழுகிறதா என்பதிலேயே கண் இருந்துவிட்டது. தரையோடு என்ற சொல் அழகாக வந்தது. அதனால் எழுதினேன். வாயால் சொல்லியிருந்தால் ஓடிப் போய், “அய்யா, தப்பா சொல்லிட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். எழுதியது ஆற்றைத் தாண்டிப் போய் அதிகாரி மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

காலையில் படகுத் துறைக்குப் போய்ப் படகுக்காரரின் காலைப் பிடித்தேன். “பெரியவரே, உங்களை ஏத்தினா என் பிள்ளைங்க பட்டினி” என்றார். காவலுக்கு நின்ற சிப்பாய் துப்பாக்கியைக் கொண்டு என்னைத் திருப்பிவிட்டான். அடிக்கவில்லை. தோளில் வைத்துத் தள்ளினான். அவனும் சின்னப் பையன்.

இன்னொரு மனு எழுதினேன். கிழித்துவிட்டேன். முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது வேறு சொன்னால் திருடன் என்று நினைப்பார்கள்.

ஒட்டுக்கு மேலே அறுக்க வேண்டும். எப்படியாவது. அப்போதும் ஒன்றிரண்டு வளையம் கூடத்தான் வரும், நான் கட்டிய ஒட்டுத்தண்டு அதற்கு முந்தின வருடக் கிளை. ஆனால் பதினேழுக்குள் நிற்கும். நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த வேர்ச்செடிக்கு வயது இரண்டா மூன்றா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கண் கட்டிய பையன், “தாத்தா, ஏன் அழுறீங்க?” என்கிறான். செருப்பைக் கழற்றியும் அவனுக்குக் கேட்டுவிடுகிறது.

மண் அணைத்துவிட்டால் ஒட்டு தெரியாது. குளிருக்கு வேர்மேல் மண் அணைப்பது வழக்கம்தானே. ஆனால் அந்த ஒரு மரத்துக்கு மட்டும் அணைத்தால் சந்தேகப்படுவார்கள். ஐயோ, இது உன் கைக்குப் போய்ச் சேருவதற்குள்

படகு போகிறது. அனுப்புகிறேன்.

*

தோட்டம்
நவம்பர் 30

பெரியப்பா,

நான் இங்கேதான் இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. அதிகாரி போன வாரமே வந்து போய்விட்டார்.

நீங்கள் எழுதியதைத்தான் நாங்களும் செய்திருந்தோம். காத்திருந்து காத்திருந்து, உங்கள் பதில் வராது என்று தெரிந்ததும் மண்வெட்டியை எடுத்தேன். என் மரத்துக்கு மட்டும் இல்லை. அந்த வரிசை முழுக்க, பக்கத்து வரிசை பாதி, முழங்கால் உயரத்துக்கு மண் அணைத்தோம். அம்மா கூடையில் அள்ளிக் கொடுக்க நான் கொட்டி மிதித்தேன். புது மண் கறுப்பாகத் தெரிந்தது. அம்மா மரத்தடியில் அழுகிக் கிடந்த பழங்களையும் சருகையும் வாரி அதன்மேல் போட்டாள். “இப்போ பாரு, சோம்பேறி வீட்டுத் தோட்டம் மாதிரி இருக்கு, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க” என்றாள்.

அதிகாரி குள்ளமான ஆள். மூக்கில் சளி. கைக்குட்டையை விடவே இல்லை. கூட ஒரு சிப்பாய், குமாஸ்தா. குமாஸ்தா உங்கள் மனுவைச் சத்தமாகப் படித்தார். “தரையோடு” என்ற இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்தாள்.

சிப்பாய் பூட்ஸ் காலால் மண்ணை உதைத்தான். “எதுக்கு இவ்வளவு மண்ணு?”

“குளிருக்கு. வேர் கருகாம இருக்க” என்றேன். என் குரல் தகரமாகக் கேட்டது. அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

“மண்ணைத் தள்ளிட்டு அறுக்கலாமா சார்? கீழேன்னா கட்டை தடிமனா கிடைக்கும்” என்று சிப்பாய் கேட்டான். கேட்டபடியே காலால் தள்ள ஆரம்பித்துவிட்டான். சருகு போயிற்று. மண் கொஞ்சம் போயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஒட்டின் வீக்கம் வெளியே வரும். நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது, கிள்ளவே வேண்டாம். அப்போது ஆற்றுப் பக்கம் விமானச் சத்தம். அதிகாரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, “தடிமனை வெச்சு என்ன, கட்டிலா செய்யப் போறே? அங்கேயே அறு” என்று கத்தினார். சிப்பாய்க்கு ரம்பம் பிடிக்கத் தெரியவில்லை, பல் சிக்கிக்கொண்டது. “டேய், நீ அறுடா” என்று என்னிடம் தள்ளினார்கள்.

நான்தான் அறுத்தேன், பெரியப்பா. என் மரத்தை நானே. நடுவில் நிறுத்தினால் சந்தேகப்படுவார்களோ என்று நிறுத்தாமல் அறுத்தேன். மரம் சாய்ந்தபோது உச்சியில் பறிக்காமல் விட்ட ஒரு பழம் அதிகாரியின் காலடியில் போய் விழுந்தது. அவர் எடுத்துத் துடைத்துத் தின்றுகொண்டே எண்ணினார். ஒருமுறை எண்ணினார். குமாஸ்தா ஒருமுறை எண்ணினார். எச்சில் தொட்டு வளையத்தைத் தேய்த்துப் பார்த்து மறுபடி எண்ணினார்.

பதினாறு.

“இந்த வருஷம் தப்பிச்சே” என்றார் அதிகாரி. பிறகு அந்த இடத்தில் ஒரு வில்லை அறுக்கச் சொன்னார். ரொட்டி மாதிரி ஒரு வட்டக் கட்டை. அதன் பின்பக்கம் என் அப்பா பெயரும் பதினாறு என்ற எண்ணும் எழுதி வண்டியில் வைத்துக்கொண்டார். “அடுத்த அறுவடை முடிஞ்சதும் பார்ப்போம்.”

வண்டி போன பிறகு அம்மா அந்த அடிக்கட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் போய் வாந்தி எடுத்தேன்.

ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. இதற்கு முன்னால் என் வயது யாரிடமும் இல்லை. இப்போது அவர்கள் வண்டியில் இருக்கிறது. அதுவும் தப்பான வயது. எனக்கு இன்னும் பதினைந்துகூட முடியவில்லை. அடுத்த அறுவடைக்கு அவர்கள் கணக்கில் பதினேழு.

சுண்டு

*

ஆஸ்பத்திரி
டிசம்பர் 8

சுண்டு,

உன் கடிதத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, மடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தைச் சுற்றி வந்தேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். நர்ஸம்மா, “என்ன பெரியவரே, கல்யாணமா?” என்றாள். “ஆமா, எனக்குத்தான், நீ பொண்ணு பாரு” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்கிற நிலைமை எனக்கு.

அடுத்த அறுவடை ரொம்ப தூரம். அதற்குள் சண்டை நிற்கலாம். நிற்கும் என்று இங்கே டாக்டர் சொல்கிறார். நிற்காது என்று சமையற்காரர் சொல்கிறார். சமையற்காரர் சொல்வதுதான் இதுவரை பலித்திருக்கிறது. ஆனாலும் நான் டாக்டர் பக்கம்.

இனி நான் யாருக்கும் மனு எழுதமாட்டேன். உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீ எழுதியிருந்த அந்த அதிகாரி பழம் தின்ற இடத்தை மறுபடி மறுபடி படிக்கிறேன். அந்த மரத்துப் பழம் இனிப்பு. அவனுக்குப் போயிற்றே.

கண் கட்டிய பையனைக் காணோம். கட்டில் காலியாக இருக்கிறது. எங்கே என்று கேட்டேன். நர்ஸம்மா துணியைச் சீக்கிரம் சுருட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பெரியப்பா

*

டிசம்பர் 16

பெரியப்பா,

இது தபால் பையில் வரவில்லை. படகுக்காரர் சட்டைக்குள் வருகிறது. தனியாக இருக்கும்போது படியுங்கள்.

நமக்குப் பழப்பெட்டி செய்து கொடுக்கிற தச்சரின் மனைவி நேற்று வந்தாள். அவள் மகனை உங்களுக்குத் தெரியும், மரத்தில் ஏறினால் இறங்கத் தெரியாமல் கத்துவானே, அவன்தான். என் கூடவே திரிந்தவன். போன மாதம் அவனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது. கொல்லர் மகனைப் பிடித்த நாளில் இருந்து மரத்தூள் கொட்டுகிற குழிக்குள் பலகை போட்டு மூடி அவனை வைத்திருக்கிறார்கள். இருமிக்கொண்டே இருக்கிறான்.

வந்தவள் அம்மாவைத் தாண்டி நடந்தாள். நேராக என் அடிக்கட்டையிடம் போய் நின்றாள். அப்புறம் அதற்குப் பக்கத்து மரத்தைத் தொட்டாள்.

“இதுவும் அதே குளிர்காலத்துல ஒட்டுக் கட்டினதுதானே?”

நான், “ஆமா அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

“அப்போ இதுவும் பதினாறுதானே சொல்லும்?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, கெஞ்சவில்லை. மண்ணில் உட்கார்ந்து அந்த மரத்தடிச் சருகை ஒதுக்கிச் சுத்தம் பண்ண ஆரம்பித்தாள். அம்மா ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து, “சருகு இருக்கட்டும்டி, எடுக்காதே” என்றாள். அதுதான் அம்மாவின் பதில் என்று எனக்குப் புரிந்தது.

அதிகாரி உங்கள் எழுத்தைத்தான் நம்புகிறார். நாங்கள் சொன்னால் நம்பமாட்டார். நீங்கள் இன்னொரு மனு எழுத வேண்டும். தச்சர் மகனுக்கும் நம் தோட்டத்தில் ஒரு மரம் உண்டு என்று.

கொல்லர் மகனுக்கு இது யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் அந்த வரிசையில் ஒரு மரம் இருந்திருக்கும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கண்டுபிடித்தால் அவனையும் எடுப்பார்கள், என்னையும் எடுப்பார்கள், உங்களையும் விடமாட்டார்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அவனிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்தான். பலகைக்கு மேலே நின்று சொல்ல வேண்டும்.

*

டிசம்பர் 20

சுண்டு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் துணி சுருட்டினேன். பென்சிலைத் தொடவில்லை. யார் என்னைப் பார்த்தாலும் நான் எழுதப்போவதை என் முகத்தில் படித்துவிடுவார்கள் போல இருந்தது. இவ்வளவு நாள் எழுத்து வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தம்பட்டம் அடித்தவன். இப்போது நர்ஸம்மா பென்சில் சீவிக் கொடுத்தால்கூடத் திடுக்கென்கிறது.

நேற்று அந்தக் காலிக் கட்டிலில் வேறு ஒரு பையனைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

எழுதிவிட்டேன். தச்சருக்கும் எங்களுக்கும் ஒரே குளிர்காலத்தில் பிள்ளை பிறந்தது, தச்சரிடம் தோட்டம் இல்லாததால் அவர் பிள்ளை மரத்தையும் என் தம்பி மகனின் மரத்துக்குப் பக்கத்திலேயே நான் ஒட்டுக் கட்டினேன், ஒரே கத்தியால் கட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். ஒரே கத்தி என்பது உண்மை. தரையோடு என்று இந்த முறை எழுதவில்லை. முன்பு அறுத்த அதே உயரத்தில் அறுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி என்று எழுதினேன். அது நல்ல யோசனையா, கெட்ட யோசனையா என்று தெரியவில்லை. எழுதும்போது நல்லதாக இருந்தது. முன்பும் அப்படித்தான் இருந்தது.

இப்போது கவனமாகக் கேள். மண்ணை மறுபடி அணை. போன மழையில் கரைந்திருக்கும். நாலாவது மரத்தை மட்டும் தொடவிடாதே, அது முதல் ஒட்டுப் பிடிக்காமல் மறு வருடம் கட்டியது, வளையம் குறையும், ஒரே குளிர்காலம் என்று நான் எழுதியது பொய்யாகிவிடும். தச்சர் மகனிடம் சொல்லிக்கொடு, எந்த மரம் என்று கேட்டால் யோசிக்காமல் கை காட்ட வேண்டும். அவன் அம்மா அங்கே நிற்க வேண்டாம். நின்றால் எண்ணும்போது அவள் முகத்தைப் பார்த்துவிடுவார்கள்.

அடுத்து வேறு ஒருத்தி வந்து மரத்தைத் தொடுவாள். வருவாள், நீயும் எதிர்பார்த்திருப்பாய். முதல் மரத்தை அதிகாரி நம்பினார். இரண்டாவதை யோசிப்பார். மூன்றாவதுக்கு என்ன செய்வார் என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. யார் வந்தாலும் நீ தனியாக முடிவு எடுக்காதே. எனக்கு எழுது. முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் அதை நான் எழுதிக் கொடுக்கிறேன், நீ காட்டினால் போதும்.

மனு தபால் பையில் போகிறது. இது படகுக்காரர் கையில் வருகிறது. துறையில் சோதனை போடுகிறார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார்.

படித்ததும் இதை அடுப்பில் போடு. முன்னால் எழுதியவை எல்லாவற்றையும் போடு, ஆப்பிளைப் பற்றி எழுதியதையும் சேர்த்து. பாதி எரிந்த தாள் இருக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பார். ஒரு எழுத்தை எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டுவிடு.